யார் சொல்லிக் கொடுத்தது

கும்பகோணம்
19.6.2024

சிரஞ்சீவி சாமாவுக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். நானும் உன் அத்திம்பேரும் உன் பெண்ணும் சௌக்கியம், என் முழங்காலைத் தவிர. நாகபுரி வெயிலில் நீ எப்படி இருக்கிறாய்? மெஸ் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா?

கையில் போன் இருக்கும்போது இதென்ன தபால் என்று சிரிக்காதே. இந்த வீட்டில் யார் போன் சத்தம் போட்டாலும் ஹம்சத்வனி ஓடிவந்து எடுத்து, தெரு முழுக்கக் கேட்கும்படி வாசித்துவிடுகிறாள். நேற்று "ஹம்ஸா ரொம்பப் படுத்துகிறாளா?" என்று நீ கேட்டிருந்தாயே, அதை வாசித்துவிட்டு "படுத்தலை" என்று பதில் அனுப்பியதும் அவள்தான். நான் இல்லை. ஆனால் ஒட்டிய உறையை மட்டும் தொடமாட்டாள். பிறத்தியார் கடிதத்தைப் பிரிக்கக் கூடாது என்று அவள் அம்மா வத்ஸலா சொல்லி வளர்த்திருக்கிறாள் போல. அதனால் இனி நம் பேச்சு உறைக்குள்ளே.

வீட்டில் நான் நடத்தும் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பதினோரு பேர். இவள் பன்னிரண்டாவது. இருபத்து மூன்று வயதில் இவள்தான் எல்லோருக்கும் மூத்தவள். புத்தியில் ஒரு குறையும் இல்லை, அது உனக்கே தெரியும். மனிதர்களோடு பழகுவதற்கு நமக்கெல்லாம் தானாக வந்துவிடுகிற சின்னச் சின்ன விஷயங்கள் இவர்களுக்குத் தானாக வராது. ஒவ்வொன்றாகச் சொல்லித்தர வேண்டும். சிலேட்டில் இரண்டு தலை வரைவேன். இவருக்கு என்ன தெரியும், அவருக்கு என்ன தெரியும், இதைச் சொன்னால் அவர் மனசு என்ன ஆகும் என்று எழுதச் சொல்வேன். பாடத்தை நம்பர் போட்டுப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிச் சுவரில் ஒட்டுவேன்.

நேற்று நான்காவது பாடம். உன் பெண் எந்த வீட்டிலிருந்தும் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விடுகிறாள். பேசிக்கொண்டே இருக்கிறவர் திரும்பிப் பார்த்தால் நாற்காலி காலி. அதனால் எழுதி ஒட்டினேன்: "யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும், அங்கே இருக்கிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, 'போயிட்டு வரேன்' என்று சொல்ல வேண்டும்." எதிர் வீட்டு வாசலில் வைத்துப் பழக்குகிறேன். அது பஞ்சநதம் சார் வீடு. மின்வாரியத்தில் ரிடையர் ஆனவர். வாசலிலேயே ஈஸிசேர் போட்டு உட்கார்ந்திருப்பார்.

கவலைப்படாதே. ஒரு வருஷத்தில் பார்.

அன்புடன்,
பாகீரதி

⁂

நாகபுரி
4.7.2024

அக்காவுக்கு,

நமஸ்காரம். உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். நான் நன்றாக இருக்கிறேன். மெஸ்ஸில் தினமும் உருளைக்கிழங்கு. உன் முழங்காலுக்குப் பழைய எண்ணெயையே தேய்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போ.

வத்ஸலா போய் இரண்டு வருஷத்தில் ஹம்ஸாவை நான் எங்கும் அழைத்துப் போகவில்லை. ஆபீஸ், வீடு, சமையல் என்று ஓடிவிட்டது. நீ வைத்துக்கொள்கிறேன் என்று சொன்ன அன்றுதான் நான் நன்றாகத் தூங்கினேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அம்மாவைப் பற்றி அவள் ஏதாவது கேட்கிறாளா? கேட்டால் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுது. கேட்காவிட்டால் நீயாக எடுக்க வேண்டாம்.

அத்திம்பேருக்கு என் நமஸ்காரம்.

சாமா

⁂

கும்பகோணம்
5.8.2024

சிரஞ்சீவி சாமாவுக்கு,

ஆசீர்வாதம். எல்லோரும் நலம். ஆற்றில் தண்ணீர் வந்து, ஆடிப்பெருக்குக்குப் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. சித்ரான்னம் கட்டிக்கொண்டு போனோம்.

உன் பெண் ஜெயித்துவிட்டாள்! எனக்குத் தலைகால் புரியவில்லை. கீரைக்காரியிடம் சொல்கிறாள், டவுன் பஸ் கண்டக்டரிடம் சொல்கிறாள், படித்துறையில் கிளம்பும்போது காவேரியிடமும் சொன்னாள். முகத்தைப் பார்த்துத்தான் சொல்கிறாள். (காவேரிக்கு முகம் எது என்று கேட்டாள்.) தினமும் சாயங்காலம் பஞ்சநதம் சார், "போயிட்டு வாம்மா, நாளைக்கும் வா" என்று பதில் சொல்வார். அவர் மனைவி மங்கையர்க்கரசி உள்ளேயிருந்து "டீ குடிச்சிட்டுப் போயேன்" என்பாள். ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடமும் சொல்லிவிட்டுத்தானே வைக்கிறாள்?

இன்னொரு விஷயம். என்னிடம் படிக்கும் அப்சரின் தகப்பனார் அஹமது கபீர் பாய், தஞ்சாவூர் போகிற ரோட்டில் விதைப் பரிசோதனைக்கூடம் வைத்திருக்கிறார். நெல் விதையை நூறு நூறாக ஈரத்தாளில் சுருட்டி வைத்து, பதினாலாம் நாள் எத்தனை முளைத்தது, எத்தனை ஊனம், எத்தனை செத்தது என்று எண்ண வேண்டும். ஒரு நாள் விளையாட்டுக்கு ஹம்ஸாவை எண்ணவிட்டார். பத்து வருஷமாக அங்கே இருக்கிற ஆள் விட்டதைக் கூடக் கண்டுபிடித்துவிட்டாள். "டீச்சர், நவராத்திரி முடிஞ்சதும் முறையா ஒரு இண்டர்வ்யூ வச்சுக்கலாம். அங்க நாலு பேரு வேலை பாக்குறாங்க, வணக்கம் சொல்லி ரெண்டு வார்த்தை பேசிட்டாப் போதும்" என்றார்.

வாசலில் போர்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற உன் அக்கா வெறும் ஆளில்லை, தெரிந்துகொள். தன் கண்ணே பட்டுவிடும், நிறுத்துகிறேன்.

பாகீரதி

⁂

கும்பகோணம்
11.9.2024

சிரஞ்சீவி சாமாவுக்கு,

ஆசீர்வாதம். இங்கே சௌக்கியம். நீ சௌக்கியமா?

எதிர் வீட்டுப் பஞ்சநதம் சார் போன வாரம் தவறிவிட்டார். காலையில் பேப்பர் படித்துக்கொண்டே சாய்ந்துவிட்டாராம். மூன்றாம் நாள் ஹம்ஸாவையும் அழைத்துக்கொண்டு துக்கம் விசாரித்துவிட்டு வந்தேன். நல்ல கூட்டம். வெயில் வேறு. அதிலிருந்து அவள் கொஞ்சம் பேச்சு குறைவாக இருக்கிறாள். சாப்பாடு, தூக்கம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

இந்த வருஷம் காப்பிப்பொடி விலை ஏறிப்போய்விட்டது. அத்திம்பேர் சிக்கரியைக் கூட்டச் சொல்கிறார், நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். முழங்கால் தேவலை.

வேறு விசேஷம் இல்லை.

பாகீரதி

⁂

நாகபுரி
21.9.2024

அக்காவுக்கு,

நமஸ்காரம். எனக்கு ஒன்றுமில்லை, லேசாகச் சளி.

பஞ்சநதம் சார் போனது வருத்தமாக இருக்கிறது. முகம் தெரியாத மனிதர், ஆனால் என் பெண்ணுக்குத் தினமும் பதில் சொன்னவர்.

இரண்டு ஞாயிறாக ஹம்ஸா போனில் பேச்சு முடிந்ததும் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிடுகிறாள். பழையபடி ஆகிவிட்டாள். "என்னம்மா, அப்பாகிட்ட சொல்லிட்டு வைக்க மாட்டியா?" என்று கேட்டேன். "அது சொல்லிக் குடுத்தது இல்லை" என்றாள். எனக்குப் புரியவில்லை. அங்கே ஏதாவது நடந்ததா அக்கா? நீ நாலு பக்கம் எழுதுகிறவள். போன கடிதத்தில் பாதிக்குக் காப்பிப்பொடி.

சாமா

⁂

கும்பகோணம்
2.10.2024

சிரஞ்சீவி சாமாவுக்கு,

ஆசீர்வாதம். சளிக்கு மிளகு ரசம் வைத்துச் சாப்பிடு.

நடந்தது ஒன்றும் இல்லை. இந்தப் பிள்ளைகளுக்கு இப்படி ஏற்ற இறக்கம் வருவது சகஜம். நாலு அடி முன்னே வைத்தால் மூன்று அடி பின்னே வைப்பார்கள். இத்தனை வருஷமாக இதையே பார்த்துக்கொண்டிருக்கிற எனக்குத் தெரியாதா? சாவு வீட்டுக்குப் போய்ப் பழக்கமில்லாததால் கொஞ்சம் மிரண்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

கபீர் பாயிடம் இண்டர்வ்யூவைத் தள்ளிப்போடச் சொல்லியிருக்கிறேன். இப்போது அவள் யாருக்கும் வணக்கம் சொல்கிற நிலையில் இல்லை. என் வகுப்பிலும் சுவர் ஓரமாக உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கொலு வைத்திருக்கிறேன், சின்னதாக. மங்கையர்க்கரசி வீட்டில் விளக்கு எரிகிறது, அவள் வெளியே வருவதில்லை. நானும் அந்தப் பக்கம் போகவில்லை.

பாகீரதி

⁂

கும்பகோணம்
7.10.2024

அன்புள்ள அப்பா,

நான் நலம். உன் சளி நலமா? இது பதினோராவது பாடம்: கடிதத்தில் முதலில் உடம்பைப் பற்றிக் கேட்க வேண்டும்.

"அங்கே என்ன நடந்தது?" என்று போனில் நீ கேட்டாய். போனில் அத்தை பக்கத்தில் இருந்தார். அத்தை முகம் மாறியது. அதனால் எழுதுகிறேன்.

செப்டம்பர் 6 வெள்ளிக்கிழமை எதிர் வீட்டுக்குப் போனோம். பஞ்சநதம் மாமா இல்லை. அவருடைய போட்டோ இருந்தது. ஈஸிசேரை மடக்கிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். பத்தொன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே சிரிக்கக் கூடாது, எண்ணக் கூடாது, விரலைச் சொடுக்கக் கூடாது என்று அத்தை போவதற்கு முன்பே சொன்னார். நான் சிரிக்கவில்லை, சொடுக்கவில்லை. எண்ணினேன், ஆனால் வாய்க்குள்.

கிளம்பும்போது நான்காவது பாடத்தைச் செய்தேன். மங்கையர்க்கரசி மாமி முகத்தைப் பார்த்து, "போயிட்டு வரேன்" என்றேன். பிறகு பக்கத்தில் இருந்தவருக்கு. பிறகு அடுத்தவருக்கு. ஆறு பேருக்குச் சொன்னேன். ஏழாவது மாமா பெரிய மீசை. மங்கையர்க்கரசி மாமியின் தம்பி, மன்னார்குடி. அவர் எழுந்து, "ஏய், எளவு வீட்ல வந்து போயிட்டு வரேன்னு சொல்லுது! இன்னொரு சாவு விழணுமா எங்க வீட்ல? யாரு சொல்லிக் குடுத்தது இதுக்கு?" என்று கத்தினார்.

நான் அத்தையைப் பார்த்தேன், ஏனென்றால் பதில் அத்தைக்குத் தெரியும். அத்தை, "தாயில்லாப் பொண்ணு. ஆத்துல சொல்லித்தர ஆளில்லை. மனசுல வெச்சுக்காதீங்கோ" என்றார். நான், "ஜூன் பதினெட்டாம் தேதி நீங்கதானே அத்தை சொல்லிக் குடுத்தீங்க? சுவத்துல ஒட்டியிருக்கே" என்றேன். அத்தை, "நான் எங்கேடி இதைச் சொல்லிக் குடுத்தேன்?" என்று சொல்லி என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். கை இரண்டு நாள் வலித்தது.

துக்க வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது என்று எனக்கு இப்போது தெரியும். அத்திம்பேர் சொன்னார். அங்கே ஒன்றுமே சொல்லாமல் எழுந்து வர வேண்டுமாம். அது எனக்கு முன்னாலேயே நன்றாக வரும்.

வீட்டுக்கு வந்து சிலேட்டில் தலை வரைந்தேன். மாமியின் தலை: அழுகை. மீசை மாமாவின் தலை: கோபம். அத்தையின் முகம் அப்போது சிவப்பாக இருந்தது. எங்கள் படத்தில் சிவந்த முகம் என்றால் கோபம், அல்லது வெட்கம். கோபம் என்றால் என் மேல். வெட்கம் என்றால் யார் மேல்? அந்த இடத்தை நிரப்பாமல் விட்டிருக்கிறேன்.

நான்காவது பாடத்தைச் சொல்லிக் கொடுக்கவே இல்லை என்று அத்தை சொல்லிவிட்டார். அப்படியென்றால் மற்ற பதினாறு பாடங்களையும் சொல்லிக் கொடுக்கவில்லை என்று ஒரு நாள் சொல்லலாம். அதனால் எதையும் செய்யாமல் இருக்கிறேன். இந்தக் கடிதத்தில் மட்டும் பதினொன்றைச் செய்துவிட்டேன். ஏனென்றால் உனக்குச் சளி.

ஒன்பதாவது பாடம்: தப்பாகச் சொல்லிவிட்டால், எந்த இடத்தில் யார் முன்னால் சொன்னோமோ, அங்கேயே போய்த் திருத்திச் சொல்ல வேண்டும். அத்தை இன்னும் போகவில்லை.

இப்படிக்கு,
ஹம்சத்வனி

⁂

கும்பகோணம்
26.10.2024

சாமா,

உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. மூன்று வாரமாகத் தபால்காரரின் சைக்கிளைக் கண்டால் முழங்காலையும் மறந்து வாசலுக்கு எழுந்து போகிறேன். நீ உடம்புக்கு நன்றாக இருக்கிறாய் என்று மட்டும் ஹம்ஸாவின் ஞாயிற்றுக்கிழமை போனிலிருந்து தெரிந்துகொண்டேன்.

அவள் உனக்கு எழுதிய கடிதத்தைத் தபால்பெட்டியில் போட்டதே நான்தான். மூன்று தாள் கனம் இருந்தது. பிரிக்கவில்லை. பிரிக்க அவசியமும் இல்லை, அவளுக்குப் பொய் எழுத வராது. பெட்டிக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் தெரியுமா? வேண்டுமென்றே தொலைத்துவிட்டு, "போட்டுவிட்டேன்" என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். இதையும் நீ தெரிந்துகொள்.

அவள் எழுதியதெல்லாம் நிஜம். அந்த மனிதர் "யாரு சொல்லிக் குடுத்தது?" என்று கத்தியபோது கூடத்தில் என் மாணவர்கள் இரண்டு பேரின் தாயார்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். "நான்தான் சொல்லிக் கொடுத்தேன், துக்க வீட்டுக்கு வேறு முறை என்பதைச் சொல்லித்தர மறந்துவிட்டேன், தப்பு என்னுடையது" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? வாய் அதைச் சொல்லவில்லை. செத்துப்போன வத்ஸலாவின் மேல் போட்டேன். உன் மேல் போட்டேன். அந்தப் பெண் நிஜத்தைச் சொன்னதும் அவளையே பொய்க்காரி ஆக்கினேன். பிறத்தியார் மனசை எப்படி அறிவது என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவள் உன் அக்கா.

அப்புறம் உனக்கு எழுதிய இரண்டு கடிதங்களிலும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். "ஏற்ற இறக்கம்" என்று வாத்தியார் தோரணையில் ஒரு வார்த்தை வேறு. அவள் பின்னே போகவில்லை சாமா, நான் தள்ளிவிட்டேன்.

நான்காவது பாடத்தின் தாளை அன்றைக்கே கிழித்துவிட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் அந்த இடத்தில் அதே எழுத்து, அதே தேதி போட்டு ஹம்ஸா புதிதாக எழுதி ஒட்டியிருக்கிறாள். வகுப்பு எடுக்கும்போதெல்லாம் அது என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.

நீ வந்து அவளை அழைத்துப் போவதானால் நான் தடுக்க மாட்டேன். திட்டுவதானால் திட்டு. தயவுசெய்து ஏதாவது எழுது.

பாகீரதி

⁂

நாகபுரி
14.11.2024

அக்காவுக்கு,

நமஸ்காரம். தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், அவ்வளவுதான். நீங்கள் எல்லோரும் சுகம்தானே?

ஹம்ஸாவின் கடிதம் வந்த அன்று உன் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் நீ தாங்கமாட்டாய். மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். "ஆத்துல சொல்லித்தர ஆளில்லை" என்று வத்ஸலாவை எப்படிச் சொல்லலாம் நீ? அந்தப் பெண்ணை ஒரு நாற்காலியில் உட்காரவைக்கவே அவள் நாலு வருஷம் பாடுபட்டவள். டிக்கெட்கூட எடுத்துவிட்டேன், வந்து அழைத்துக்கொண்டு போய்விடுவது என்று.

பிறகு ஒரு நாள் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒன்று தோன்றியது. இருபத்து மூன்று வயதுப் பெண். சொந்த வீட்டிலேயே சாவு நடந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. பதின்மூன்று நாளும் ஜனங்கள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார்கள். அதைப் பார்த்த பெண்ணுக்கு, துக்க வீட்டிலிருந்து எப்படிக் கிளம்புவது என்று தெரியாமல் இருக்குமா? நீ இதைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் என்னால் பதில் சொல்லியிருக்க முடியாது.

அவள் பார்க்கவில்லை அக்கா. வத்ஸலாவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவருவதற்கு முன்பே ஹம்ஸாவை எங்கள் கட்டடத்திலேயே மூன்றாவது மாடியில் குல்கர்ணி வீட்டில் விட்டுவிட்டேன். பதின்மூன்று நாளும் அங்கேதான் இருந்தாள். நீ வந்திருந்தபோதும், "அவளுக்கு ஜுரம், தொத்திக்கும், பார்க்க வேண்டாம்" என்று சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? ஜுரம் இல்லை. கூடத்தில் வந்து எல்லோர் எதிரிலும் ஏதாவது சொல்லிவிடுவாள், சிரித்துவிடுவாள், என் ஆபீஸ்காரர்கள் பார்ப்பார்கள் என்று பயம். பெற்ற தாயின் முகத்தைக்கூட அவளுக்கு நான் காட்டவில்லை.

நீ ஒரு நிமிஷம் வெட்கப்பட்டுப் பொய் சொன்னாய். நான் பதின்மூன்று நாள் யோசித்துச் சொன்னேன். உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை.

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். அவள் அங்கேயே இருக்கட்டும். ஆனால் அவளுடைய ஒன்பதாவது பாடத்தை நீ செய்துதான் ஆக வேண்டும். என் கூடத்துக்கு வந்தவர்கள் இந்தியா முழுக்கச் சிதறிப்போனார்கள். உனக்கு எதிர் வீடுதான்.

சாமா

⁂

கும்பகோணம்
4.12.2024

சிரஞ்சீவி சாமாவுக்கு,

ஆசீர்வாதம். மழை விட்டபாடில்லை, வயலெல்லாம் தண்ணீர் நிற்கிறது என்று பால்காரர் புலம்புகிறார். எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அதற்கு மேல் அதைப்பற்றி எழுதத் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஹம்ஸாவிடம், "எதிர் வீட்டுக்குப் போய்த் திருத்திச் சொல்லப் போறேன், வரியா?" என்றேன். செருப்பைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் போய் வாசலில் நின்றாள். இந்தத் தெரு பன்னிரண்டு அடி அகலம் சாமா. மூன்று மாசமாக நான் கடக்கவில்லை.

மங்கையர்க்கரசி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். "அன்னிக்கு இந்தப் பொண்ணு சொன்னதெல்லாம் நான் சொல்லிக் குடுத்ததும்மா. பழியை அவ அம்மா மேல போட்டேன். பொய் சொன்னேன்."

அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை. "எனக்கு அன்னிக்கே தெரியுங்க டீச்சர். எங்க வாசல்ல வச்சுத்தானே தினம் சொல்லிக் குடுப்பீங்க. நானும் அவரும் கேட்டுக்கிட்டேதானே இருப்போம்" என்றாள்.

"அப்ப மத்தவாளுக்கு?"

"எல்லாருக்கும் தெரியும். தெருவுக்கே தெரியும். உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு யாரும் பேசல."

அந்த இரண்டு தாயார்களும் மூன்று மாசமாக வாரம் இரண்டு நாள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, "வரோம் டீச்சர்" என்று சிரித்துவிட்டுத்தான் போகிறார்கள். யாருக்கு என்ன தெரியும் என்று சிலேட்டில் தலை வரையத் தெரிந்த எனக்கு இது தெரியவில்லை. பூமி பிளந்து என்னை வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது.

"பொண்ணு சொன்னது எனக்கு வலிக்கலைன்னு சொல்ல மாட்டேன்" என்றாள் மங்கையர்க்கரசி. "ராத்திரி பூரா அதுவேதான் காதுல கேட்டுச்சு. ஆனா அது தெரியாம சொல்லுச்சு. நீங்க தெரிஞ்சு சொன்னீங்க. அதான் உங்க வீட்டுப் பக்கம் வரல."

ஹம்ஸா, "மன்னார்குடி மாமாவும் இருந்தார், அவருக்கும் சொல்லணும்" என்றாள். மங்கையர்க்கரசி தம்பிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். நான் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். அவர், "எந்தப் பொண்ணுங்க? எனக்கு ஞாபகம் இல்லீங்களே" என்றார். யாருக்குப் பயந்து அந்தப் பெண்ணைப் பொய்க்காரி ஆக்கினேனோ, அவருக்கு அப்படி ஒரு பெண் வந்ததே நினைவில்லை.

கிளம்பும்போது ஹம்ஸா நின்றாள். "இப்போ சொல்லலாமா, கூடாதா?" என்று கேட்டாள். நான் "சொல்லலாம்" என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மங்கையர்க்கரசியைப் பார்த்தாள். அவள் தலையை ஆட்டிய பிறகுதான் சொன்னாள். இனிமேல் நான் சொல்லித்தருகிற எதையும் இன்னொருவரிடம் கேட்டுக்கொண்டுதான் செய்வாள் போலிருக்கிறது. அது நியாயம்தான்.

நேற்று கபீர் பாய் வீட்டுக்கே வந்தார். ஹம்ஸா அவருக்கு வணக்கம் சொன்னாள், முகத்தைப் பார்த்து. இருபதாம் தேதி இண்டர்வ்யூ.

நீ எனக்கு எழுதியதை அவளிடம் நான் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது. அவளுக்கே எழுது. உறை ஒட்டி அனுப்பு.

பாகீரதி

⁂

கும்பகோணம்
29.12.2024

அன்புள்ள அப்பா,

நான் நலம். உனக்குச் சளி போய்விட்டதா? உன் கடிதம் 23ஆம் தேதி வந்தது. நானே பிரித்து, மனதுக்குள் வாசித்தேன். உரக்க வாசிக்கவில்லை.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. ஜனவரி 2 முதல். இண்டர்வ்யூவில் நாலு பேருக்கும் வணக்கம் சொன்னேன். "உங்ககிட்ட என்ன குறைன்னு நினைக்கிறீங்க?" என்று ஒருவர் கேட்டார். "சொல்லிக் கொடுக்காதது எனக்குத் தெரியாது" என்றேன். கபீர் மாமா சிரித்தார். பிறகு நானூறு விதை எண்ணினேன்.

எனக்கு ஜுரம் என்று எல்லோரிடமும் பொய் சொன்னதாகவும், அதற்கு வெட்கப்படுவதாகவும் எழுதியிருக்கிறாய். எனக்கு ஜுரம் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். குல்கர்ணி ஆன்ட்டி தினமும் தெர்மாமீட்டர் வைத்தார். 98.4. அம்மா முகத்தை எனக்குக் காட்டவில்லை என்று எழுதியிருக்கிறாய். அது சரியில்லை. நான் பார்த்தேன். குல்கர்ணி வீட்டுச் சமையலறை ஜன்னலில் இருந்து கீழே முற்றம் தெரியும். அம்மாவை வாசலுக்குக் கொண்டுவந்து இறக்கிவைத்தார்கள். முகம் மட்டும் தெரிந்தது. நீ அழுதாய். அத்தை உன் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு பேர் இருந்தார்கள். பிறகு தூக்கினார்கள். அம்மாவிடம் யாருமே எதுவும் சொல்லவில்லை.

அதனால் நான் ஜன்னலில் இருந்து, "அம்மா, போயிட்டு வா" என்று சொன்னேன். மழை பெய்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

அப்படிச் சொல்லக் கூடாது என்று அப்போது எனக்குத் தெரியாது. அது தப்பு என்றால், சொன்ன இடத்தில், சொன்னவரிடம் திருத்த வேண்டும். ஜன்னலுக்கு நான் போய்விடலாம். அம்மாவிடம் எப்படித் திருத்துவது? அத்தையிடம் கேட்டேன். அத்தை எழுந்து உள்ளே போய்விட்டார். இது எந்தப் பாடத்திலும் இல்லை.

உனக்குத் தெரிந்தால் எழுது. போனில் வேண்டாம்.

இப்படிக்கு,
ஹம்சத்வனி